வாடகை வீட்டில் கழற்றி மாட்டும் குரல்பதிவுக் கூண்டு: 5000 ரூபாய்க்குள் செய்ய வழி?

வேளச்சேரிவாசி:

வணக்கம். ஒலிநூல் வாசிப்புக்காக வீட்டிலேயே பதிவு செய்ய வேண்டும். வாடகை வீடு, 11 மாத ஒப்பந்தம், சுவரில் ஆணி அடிக்க அனுமதி இல்லை. அறை 10க்கு 10 அடி. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, தெருப்பக்கம் அலுமினியத் தள்ளு ஜன்னல் ஒன்று, மூலையில் இரும்பு பீரோ. கார்டியாய்டு (முன்பக்கச் சத்தத்தையே பெரிதும் பிடிக்கும்) கண்டென்சர் மைக்கும், அதைக் கணினியில் இணைக்க இரண்டு சேனல் இன்டர்ஃபேஸும் கைவசம் உள்ளன. பதிவைப் போட்டுக் கேட்டால் குளியலறையில் நின்று பேசுவது போல இருக்கிறது. அடியில் ஓயாத இரைச்சல் வேறு. பதிப்பகம் கேட்கும் அளவு (பதிவின் உச்ச வரம்பை 0 டெசிபல் என்று வைத்து): சராசரி ஒலி மைனஸ் 23க்கும் மைனஸ் 18க்கும் இடையில், உச்சம் மைனஸ் 3க்குள், அமைதியான இடங்களில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே.

பிளைவுட்டில் பெட்டி அடித்து உள்ளே பிரமிட் நுரை ஒட்டலாமா? முட்டை அட்டை போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். வீடு மாறும்போது ஆட்டோவில் ஏற்றும்படி இருக்க வேண்டும். 5000 ரூபாய் வரை செலவழிக்கலாம்.

மிக்ஸிங்மேசை:

நண்பரே, உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள். உங்கள் குரலே சுவரில் பட்டு மைக்குக்குத் திரும்புவது ஒன்று. வெளிச்சத்தம் உள்ளே வருவது இன்னொன்று. முதலாவதைப் பஞ்சும் கம்பளியும் தீர்க்கும். இரண்டாவதற்கு எடையும் காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். தடுப்பின் எடையை இரட்டிப்பாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல்தான் குறையும். கழற்றி மாட்டும் கூண்டு எதுவும் இந்தப் பணத்தில் ரயில் சத்தத்தை நிறுத்தாது. எனவே பணம் முழுவதையும் எதிரொலிக்குச் செலவிடுங்கள். இரைச்சலைக் கூண்டு நிற்கும் இடம், பதிவு நேரம், மைக்கின் தூரம் மூன்றையும் வைத்துக் குறைக்க வேண்டும்.

பிளைவுட் பெட்டி வேண்டவே வேண்டாம். எதிரெதிரே 4 அடி இடைவெளியில் இரண்டு கெட்டிப் பலகைகள் நின்றால் 141 ஹெர்ட்ஸ் வாக்கில் உள்காற்று அதிரத் தொடங்கும். 3 அடியானால் 188. ஆண் குரலின் அடிச்சுருதி சுமார் 85 முதல் 180 வரை, பெண் குரலுக்கு 165 முதல் 255 வரை. பெட்டியின் அதிர்வு சரியாகக் குரலுக்குள்ளேயே விழுகிறது. அந்த 'டப்பாக் குரல்' பதிவில் ஏறிவிட்டால் ஈக்வலைசரில் முழுதாக எடுக்க முடியாது. துணிச்சுவரில் இந்தத் தொல்லை குறைவு. கீழ்ச்சுருதி துணியை ஊடுருவிப் பெரிய அறைக்குள் போய்விடும்.

ஒரு அங்குலப் பிரமிட் நுரை 1000 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் உருப்படியாக உறிஞ்சும். அதைச் சுற்றிலும் ஒட்டினால் 'ச', 'ஸ' எழுத்துகளின் பளபளப்பு போய்விடும், கீழ் முழக்கம் அப்படியே நிற்கும். மந்தமும் முழக்கமும் சேர்ந்த அந்தக் குரலைவிட வெறும் அறையே மேல். முட்டை அட்டை மெல்லிய காகிதக்கூழ். மேடுபள்ளம் மேல்ஸ்தாயியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். தீப்பிடிக்கும் பொருளும்கூட.

வேண்டியது தடிமன். நம் ஊரில் அதற்குக் கைக்கெட்டும் பொருள் இலவம்பஞ்சு மெத்தை. 4 அங்குல மெத்தை, பின்னால் 4 அங்குலக் காற்றிடைவெளியோடு நின்றால் மேலிருந்து கீழே 250, 300 ஹெர்ட்ஸ் வரை நன்றாக உறிஞ்சும். எந்தப் பொருளையும் வாங்குமுன் வாயை அதில் அழுத்தி ஊதிப் பாருங்கள். காற்று கொஞ்சம் முட்டுப்பட்டு மறுபக்கம் போக வேண்டும். போகவே இல்லை என்றால் (ரெக்சின் உறை, பிளாஸ்டிக் கவர்) ஒலியும் உள்ளே நுழையாது. தடையே இல்லாமல் போனால் (ஜன்னல் திரைத்துணி) ஒலியும் அப்படியே ஊடுருவிப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும்.

பலரும் தடுமாறுவது அடுத்த விஷயத்தில்தான். மைக்குக்குப் பின்னால் அரைவட்ட நுரைத்தடுப்பு வைத்து விற்கிறார்கள். கார்டியாய்டு மைக் தன் முதுகுப் பக்கத்தை ஏற்கெனவே கேட்காது. அது நேராகப் பார்ப்பது உங்கள் முகத்தை, முகத்தைத் தாண்டி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. ஆகவே நல்ல மெத்தை நிற்க வேண்டிய இடம் உங்கள் முதுகுக்குப் பின்னால்.

ரீப்பர்கட்டை:

அண்ணன் சொன்ன மெத்தைக்கு ஏத்த மாதிரி சட்டம் சொல்றேன். ரீப்பர் மரத்துலயும் செய்யலாம், ஆனா அடிக்கடி கழட்டினா ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துடும். ஒரு அங்குல பிவிசி பைப்தான் லேசு. மெல்லிசு ரகம் வேண்டாம், தண்ணி லைனுக்குப் போடுற கனமான ரகம் கேளுங்க.

6 மீட்டர் நீளத்துல மூணு பைப் வாங்குங்க. '20 அடி'ன்னு சொல்வாங்க, அளந்தா 236 அங்குலம்தான் வரும். அதை நம்பி அஞ்சு நாலடித் துண்டு போட்டீங்கன்னா கடைசித் துண்டு குறையும். முதல் பைப்புல 39 அங்குலத் துண்டு ஆறு. ரெண்டாவதுல 39 அங்குலம் ரெண்டு, 46 அங்குலம் மூணு. மூணாவதுல 46 அங்குலம் அஞ்சு. மிச்சத்துல ரெண்டரை அங்குலத் துண்டு எட்டு எடுத்துக்குங்க. 39 அங்குலத் துண்டு ரெண்டை ஒரு கப்ளிங்ல சேர்த்தா ஒரு கால். நாலு காலுக்கு நாலு கப்ளிங். 46 அங்குலத் துண்டு மேல நாலு, கீழ மூணு, கூரை நடுவுல ஒண்ணு. வாசல் பக்கம் கீழ கம்பி கிடையாது, கால் தடுக்கும்.

மூணு பக்கம் திரும்புற மூலை எல்போ ஹார்டுவேர் கடையில பெரும்பாலும் இருக்காது. சாதாரண டீயும் (T வடிவ இணைப்பு) எல்போவும் (L வடிவ இணைப்பு) போதும். காலோட நுனியில டீ, டீயோட பக்கவாயில ஒரு கம்பி; டீக்கு மேல அந்த ரெண்டரை அங்குலத் துண்டு, அதுக்கு மேல எல்போ, எல்போவுல அடுத்த கம்பி. ரெண்டு கம்பியும் ஒரே மட்டத்துல வராது, மூணு நாலு அங்குலம் மேலகீழ நிக்கும். அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது. வாசல் பக்கக் கீழ்மூலைகள்லயும் டீ போட்டுடுங்க, வாய் சும்மா இருக்கட்டும். இல்லன்னா முன்கால் குட்டையாயிடும், சட்டம் ஆடும். கூரை நடுக்கம்பிக்கு, எதிரெதிர்ல இருக்கிற ரெண்டு மேல்கம்பியை நடுவுல வெட்டி ஆளுக்கொரு டீ நுழைக்கணும். டீ சேர்க்கிற நீளம் அளவுக்கு நுனியைக் குறைச்சுக்குங்க. ஆகமொத்தம் 10 டீ, 8 எல்போ, 4 கப்ளிங்.

பசை எல்லா இடத்துலயும் போடாதீங்க. எட்டு மூலையில டீ, குட்டைத்துண்டு, எல்போ இந்த மூணை மட்டும் சால்வென்ட் சிமென்ட் போட்டு நிரந்தரமா ஒட்டுங்க. ஒட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காய்ஞ்ச நிலையிலேயே பூட்டிப் பார்த்து, திசைக்கு மார்க்கர்ல கோடு போட்டுக்குங்க. சிமென்ட் சில விநாடியில பிடிச்சுக்கும், கோணம் தப்பினா அந்த ஃபிட்டிங் வீண். நாலு மூலை ஒரு கையாவும் நாலு மூலை மறுகையாவும் வரும், அதையும் கவனிங்க. மத்த இணைப்புக்கெல்லாம் பசை கிடையாது, ஆளுக்கொரு அரை அங்குல ஸ்க்ரூ. ஸ்க்ரூ இல்லாம சும்மா செருகினா மூச்சு விடுறப்பகூட கிறீச்சுன்னு சத்தம் வரும், மைக் அதை அப்படியே பிடிக்கும். ஒவ்வொரு மூட்டுக்கும் ரெண்டு பக்கமும் ஒரே எண்ணை எழுதி வெச்சா அடுத்த வீட்டுல சுலபமா பூட்டிடலாம். கழட்டினா பெரிய துண்டே 4 அடிக்குள்ளதான்.

மெத்தையைக் கம்பியில தொங்க விடாதீங்க. ஒரு அங்குல பிவிசி 4 அடி நீளத்துல அந்த எடைக்கு வளைஞ்சுடும். 6க்கு 3 சிங்கிள் மெத்தை ரெண்டைத் தரையில நிமிர்த்தி வெச்சு, மெத்தை மூலையில நாடா தைச்சுச் சட்டத்தோட காலோட கட்டுங்க. நிமிர்ந்து நின்னா பஞ்சு கீழ இறங்கும். மேல் அரையடி வெறும் உறையா போயிடும். மெத்தைக் கடையில நெருக்கமா, முக்காலடிக்கு ஒரு முடிச்சு போட்டுத் தைக்கச் சொல்லுங்க.

மெத்தை இல்லாத பக்கங்களுக்கும் கூரைக்கும் கம்பளி. வீடு மாத்துறவங்க சாமான் மேல சுத்துற கனத்த சாம்பல் கம்பளி பார்த்திருப்பீங்க, பழைய துணியை அரைச்சு நெய்யுறது, பானிப்பட்டு சரக்கு. அது இந்த வேலைக்கு நல்லா இருக்கும், பழசா கிடைச்சா விலையும் மலிவு. படுதா கடையில கொடுத்தா ஓரத்துல ஐலெட் அடிச்சுத் தருவாங்க, வளையம் போட்டு மாட்டிக்கலாம்.

மிக்ஸிங்மேசை:

கம்பளியைச் சட்டத்தில் இஸ்திரி போட்டதுபோல விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். 4 அடி அகலத்துக்கு 7 அடிக் கம்பளியைக் கொசுவம் வைத்துத் தொங்கவிடுங்கள். தடிமன் கூடும், மடிப்புகளுக்குள் காற்றும் நிற்கும். பக்கத்துக்கு இரண்டு அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே பைப்பின் தடிமன் அளவாவது இடைவெளி இருக்கட்டும்.

எந்தப் பக்கம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கூண்டின் வாசல் ஜன்னலைப் பார்த்தபடி, மைக்கின் முதுகு வாசலைப் பார்த்தபடி. நீங்கள் உள்ளே போய்த் திரும்பி வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். இப்போது மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால், தெருச்சத்தம் மைக் கேட்காத திசையில். கேட்கச் சின்ன மாற்றம், ஆனால் செலவில்லாமல் கிடைக்கும் மிகப்பெரிய ஆதாயம் இதுதான். இரண்டாவது மெத்தை அறைச்சுவர் எந்தப் பக்கம் நெருக்கமாக இருக்கிறதோ அந்தப் பக்கம். மெத்தைக்கும் அறைச்சுவருக்கும் இடையே அரையடி விடுங்கள். கூரைக்கு ரஜாயை இரண்டாக மடித்துப் போடலாம். உங்கள் தலைக்கு மேல் கான்கிரீட் இருக்கிறது, அதை மறந்துவிட்டு நான்கு பக்கமும் அடைத்தால் 'டிங்' என்ற மிச்ச ஒலி போகவே போகாது. தரைக்குப் பவானி ஜமக்காளம் இரண்டு மடிப்பு.

10 அடி அறையின் நட்டநடுவில் மைக் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சுவர்களுக்கு இடையே 56, 113 ஹெர்ட்ஸில் அலை நிற்கும். நடுவில் 56 காணாமல் போகும், 113 பெருக்கும். ஆண் குரலுக்கு அந்த 113 பெரிய தொல்லை. சுவரிலிருந்து மைக் இரண்டரை, மூன்று அடியில் இருந்தால் சமாளிக்கலாம். அந்த இரும்பு பீரோவைத் தட்டிப் பாருங்கள், மணி போல ஒலிக்கும். கதவைப் பூட்டி, உள்ளே துணியை நிறைத்து, பெரிய தகட்டின் மேல் ஒரு கம்பளியைப் போடுங்கள்.

வேளச்சேரிவாசி:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகங்கள். மே மாதத்தில் இதற்குள் உட்கார முடியுமா? மெத்தைக்குப் பதில் ராக்வூல் (பாறை இழைப் பலகை) போட்டால் இன்னும் நன்றாக இருக்குமா?

மிக்ஸிங்மேசை:

உறிஞ்சுவதில் ராக்வூல் மேல்தான். 50 மில்லிமீட்டர் கனம், கனமீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி. இரண்டு பலகை சேர்த்து 100 மில்லிமீட்டராக்கினால் மெத்தையைத் தாண்டிவிடும், தீயும் பற்றாது. ஆனால் வெட்டும்போது நார் பறக்கும், தோல் அரிக்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கை சட்டை கட்டாயம். ரீப்பர் சட்டத்துக்குள் வைத்து, ஊதினால் காற்றுப் போகும் காடாத் துணியால் ஆறு பக்கமும் மூடித் தைக்க வேண்டும். அடிக்கடி கழற்றிச் சுமந்தால் ஓரம் நொறுங்கும். ஒரே வீட்டில் பல வருடம் இருப்பவருக்கு ராக்வூல், 11 மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுபவருக்கு மெத்தை.

மெத்தையும் கம்பளியும் எரியும் பொருள்கள். உள்ளே குண்டு பல்பு, எக்ஸ்டென்ஷன் போர்டு, சார்ஜர் எதுவும் கூடாது. மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும். மாதம் ஒருமுறை வெயிலில் காயப்போட்டுத் தட்டி எடுங்கள்.

கதைசொல்லி:

மே மாதக் கேள்விக்குப் பதில்: உட்காரலாம், ஒரே மூச்சில் அல்ல. முழுக்க மூடிய கூண்டில் 20 நிமிடத்தில் குரலே களைத்துவிடும், வாய் உலர்ந்து 'சப்'பென்ற சத்தம் ஒவ்வொரு வாக்கியத்திலும் விழும். அறையை முன்கூட்டியே ஏசியிலோ ஃபேனிலோ குளிரவைத்து, பதிவின்போது அணைத்துவிடுங்கள். வாசல் கம்பளியை நெஞ்சு உயரத்துக்கு மேல் திறந்தே வைக்கலாம். அந்தப் பக்கம் மைக்கின் முதுகு என்பதால் இழப்பு குறைவு. சின்ன யுஎஸ்பி ஃபேனை உள்ளே ஓடவிட்டுப் படிக்க முயலாதீர்கள், அதை எந்த மென்பொருளும் சுத்தமாக எடுக்காது. வெளிச்சத்துக்குப் பவர்பேங்கில் ஓடும் எல்இடி விளக்கு.

லேப்டாப் கூண்டுக்குள் வரவே கூடாது, அதன் விசிறி அமைதியாக இருப்பது உங்களுக்குத்தான், மைக்குக்கு இல்லை. இன்டர்ஃபேஸையும் வெளியிலேயே வைத்து, மைக்கின் எக்ஸ்எல்ஆர் கேபிளை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள். கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் அதிலேயே வந்துவிடும். எழுத்துப் பிரதிக்கு டேப்லெட் நல்லது, காகிதம் சலசலக்கும். ஆனால் டேப்லெட்டும் தட்டையான கண்ணாடிதான். மைக்குக்கு நேர் கீழே படுக்க வைத்தால் குரல் அதில் பட்டு மைக்குக்குத் தாவும், குழாய்க்குள் பேசுவதுபோல் ஓர் ஓசை ஏறும். மைக்குக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, ஸ்டாண்டின் தட்டில் துணி சுற்றுங்கள்.

மைக்கிலிருந்து உதடு ஒரு சாண் தூரம், அதாவது 7, 8 அங்குலம். இடையில் பாப் ஃபில்டர் (வாய்க்காற்றைத் தடுக்கும் வலை). மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் மூக்கு உயரத்துக்கு ஏற்றி, வாயின் ஓரத்தைப் பார்க்கும்படி திருப்பினால் 'ப', 'ஃப' காற்று அடிக்காது. ஸ்டாண்டின் கால் ஜமக்காளத்தின்மேல் மட்டும் போதாது. லிஃப்ட், பஸ் அதிர்வு தரை வழியாக ஏறும். மவுஸ்பேட் மாதிரி ரப்பர் துண்டை மூன்று காலுக்கும் அடியில் வையுங்கள்.

ஃபிரிட்ஜ் பக்கத்து அறையில் இருந்தாலும் அணைக்க வேண்டிவரும். அணைக்கும்போது வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், மறுபடி போட மறக்காது.

ரீப்பர்கட்டை:

ஜன்னலையும் விட்டுடாதீங்க. அலுமினியத் தள்ளு ஜன்னல்ல ரெண்டு கதவும் சேர்ற நடு இடுக்குலயும் கீழ் தண்டவாளத்துலயும்தான் சத்தம் உள்ள வருது. மீட்டர் கணக்குல விக்கிற ரப்பர் பீடிங் வாங்கி அந்த இடுக்குல செருகுங்க, ஒட்ட வேண்டாம், காலி பண்ணும்போது உருவிக்கலாம். கதவுக்கு அடியில இருக்கிற சந்துக்குப் பழைய புடவையைச் சுருட்டி வெச்சாலே போதும். கூண்டுக்கு இன்னொரு அடுக்கு கம்பளி வாங்குறதைவிட இதுக்குச் செலவு பண்றது மேல்.

வேளச்சேரிவாசி:

இப்போதைக்குக் கட்டிலில் இருக்கும் மெத்தையை முதுகுப்பக்கம் நிறுத்தி, தலைக்கு மேல் ரஜாய் கட்டிச் சோதித்தேன். எதிரொலி பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் சத்தத்தைத் தேவையான அளவுக்கு ஏற்றிய பிறகு இரைச்சல் மைனஸ் 51ல் நிற்கிறது. கம்பளி இன்னும் சேர்த்தால் குறையுமா?

மிக்ஸிங்மேசை:

குறையாது. முதலில் அது என்ன இரைச்சல் என்று பாருங்கள். பேசாமல் 30 விநாடி பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் அந்தப் பகுதியைத் தேர்ந்து ப்ளாட் ஸ்பெக்ட்ரம் (எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்ற வரைபடம்) போடுங்கள், சைஸ் 8192.

50, 100, 150 ஹெர்ட்ஸில் கூர்மையான ஊசிகள் நின்றால் அது மின்சார ஹம். இரண்டு பின் சார்ஜரில் ஓடும் லேப்டாப்தான் வழக்கமான காரணம். எர்த் இல்லாததால் கசிவு இன்டர்ஃபேஸ் வழியாகப் பதிவில் ஏறும். சார்ஜரை உருவி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஊசி மறைந்தால் பதிவு முழுக்க பேட்டரியிலேயே செய்யுங்கள், அல்லது எர்த் உள்ள மூன்று பின் சார்ஜருக்கு மாறுங்கள். மறையாவிட்டால் இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும்.

80க்குக் கீழே மேடாகப் புடைத்திருந்தால் தெரு, ரயில், தரை அதிர்வு. குறித்த ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரை ஆண் குரலுக்கு 70, 80லும் பெண் குரலுக்கு 100 வாக்கிலும் போடுங்கள். பல நேரம் அது ஒன்றே ஐந்தாறு டெசிபலைக் குறைத்துவிடும், குரலுக்குச் சேதமில்லை.

எங்கும் சமமாகப் பரவிய 'ஸ்ஸ்' என்றால், பேசிய அளவு போதவில்லை. பதிவில் குரலின் சராசரி மைனஸ் 34ல் இருந்து, அதை மைனஸ் 20க்கு ஏற்றினால் இரைச்சலும் 14 டெசிபல் சேர்ந்து ஏறும். இப்போது எவ்வளவு தூரத்தில் பேசுகிறீர்கள்?

வேளச்சேரிவாசி:

ஊசிகள் 50லும் 100லும் இருந்தன, சார்ஜரை உருவியதும் போய்விட்டன. இப்போது மைனஸ் 55. 80க்குக் கீழே மேடு இருக்கிறது. தூரம் ஓர் அடிக்குச் சற்று அதிகம்.

கதைசொல்லி:

அந்தத் தூரத்தைப் பாதியாக்குங்கள், ஒரு சாணுக்கும் உள்ளே, 6 அங்குலம். குரல் 6 டெசிபல் வரை கூடும், இரைச்சல் அப்படியே இருக்கும். இன்டர்ஃபேஸில் மைக் ஒலியை ஏற்றும் கெயினை அதற்கேற்ப இறக்கிவிடுங்கள். கிட்டே வரும்போது கார்டியாய்டு மைக்கில் அடிக்குரல் தடிக்கும். ஹைபாஸ் 80ல் போட்டபிறகும் கனமாகத் தெரிந்தால் 150 முதல் 200 வரை இரண்டு டெசிபல் இறக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். இரைச்சல் நீக்கியை எடுத்தவுடன் போடாதீர்கள். அதிகம் போட்டால் சொல்லின் வால்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும், தமிழில் 'ழ', 'ள', 'ல' வேறுபாடுதான் முதலில் மங்கும். மைனஸ் 60ஐத் தாண்டியபிறகு அது தேவையே படாது.

ஒரு அத்தியாயம் முழுக்க இருக்கை, ஸ்டாண்ட், தூரம் எதுவும் மாறாமல் இருக்க, தரை ஜமக்காளத்தில் நாற்காலிக் கால்களுக்கும் ஸ்டாண்டுக்கும் சாக்பீஸில் குறி போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் தவறிய வரியை மட்டும் திருத்திப் பதியும்போது குரல் ஒட்டுப்போட்டதாகத் தெரியாமல் இருக்க அது அவசியம்.